மூளையைக் காக்கும் நட்சத்திரங்கள்

ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா வட்டாரத்தில் 1998 செப்டம்பரில் ஒரு மர்மக் காய்ச்சல் தலைகாட்டியது. கடுமையான தலைவலி, மயக்கம், பிறகு நினைவிழப்பு. நோயாளிகளில் பெரும்பாலோர் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுமருந்து அடித்தார்கள், நோய் அடங்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அதுதான் நிப்பா. மலேசியாவில் 265 பேரைத் தாக்கியது. 105 பேர் மாண்டனர். சிம்பாங் பூலாய் மாணவர்களே, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த நாள்களின் பயத்தைச் சொல்வார்கள்.

ரத்தத்தில் புகும் எல்லாக் கிருமியும் மூளைக்குள் போய்விட முடியாது. மூளையின் நுண் ரத்தக் குழாய்களின் உட்சுவரில் உயிரணுக்கள் இடைவெளியில்லாமல் நெருங்கி நிற்கின்றன. அந்தச் சுவர் தளராமல் பார்த்துக்கொள்பவை அஸ்ட்ரோசைட் எனப்படும் நட்சத்திர வடிவ உயிரணுக்கள். பெயரின் முதல் பாதிக்குக் கிரேக்க மொழியில் நட்சத்திரம் என்று பொருள்.

நட்சத்திர உயிரணுவுக்குப் பல கிளைகள். சில கிளைகளின் நுனி, பாதம்போல் விரிந்து ரத்தக் குழாயைச் சுற்றிப் பிடிக்கும். மற்றவை நரம்பணுக்கள் சந்திக்கும் இடங்களைத் தொடும். கேமரன் மலைக் காய்கறி சிம்பாங் பூலாய் வழியாக இறங்கி வருவதில்லையா? ரத்தத்திலிருந்து சத்தை வாங்கி நரம்பணுவுக்கு அனுப்பும் இடைவழி இது. மூளையின் கிளைகோஜன் சேமிப்பு பெரும்பாலும் இவற்றிடமே உள்ளது. நரம்பணுக்கள் சிந்தும் குளூட்டமேட்டையும் இவைதாம் உடனுக்குடன் அள்ளுகின்றன. அது தேங்கினால் நரம்பணுக்கள் அளவுக்குமீறித் தூண்டப்பட்டுச் செத்துவிடும். மனித மூளையில் ஒரே ஒரு நட்சத்திர உயிரணு 20 லட்சம் சந்திப்புகள் வரை கவனிக்கக்கூடும் என்கிறது ஒரு மதிப்பீடு. 1856இல் ருடோல்ஃப் விர்ஹோ இந்த வகை உயிரணுக்களுக்கு ‘நரம்புப் பசை’ என்று பெயர் வைத்தார். பாவம், இத்தனை வேலை செய்பவற்றுக்கு அந்தப் பெயர்!

நிப்பா தாக்கியது அந்தச் சுவரையே. குழாயின் உட்சுவர் உயிரணுக்களில் கிருமி பெருகியது. குழாய்கள் வீங்கின, ரத்தம் உறைந்து அடைத்தது, அதற்கு அப்பாலிருந்த திசு பட்டுப்போனது. நரம்பணுக்களுக்குள்ளும் கிருமி நுழைந்தது.

மூளையில் காயம் எதனால் ஏற்பட்டாலும் நட்சத்திர உயிரணுக்கள் பருத்து, பெருகி, அதைச் சுற்றி வேலி கட்டும். அழற்சி பரவாமல் தடுக்கும் இந்த வேலி, பின்னர் தழும்பாகிவிடும். நரம்பு மீண்டும் வளர அதுவே முட்டுக்கட்டை என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2016இல், தண்டுவடத்தில் காயம்பட்ட எலிகளுக்கு அந்தத் தழும்பு உருவாகாமல் தடுத்துப் பார்த்தனர். நரம்பு வளரவில்லை.