பாடம் எதுவரை?

மட்டக்களப்பிலிருந்து தெற்கே பொத்துவிலை நோக்கிச் செல்லும் பெருவீதியிலே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே கல்லோயாவின் நீர் பாயும் வயல்வெளி. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பிலே வேலியோடு வேலி உரச வீடுகள் நெருங்கி நிற்கின்றன. 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாக்கப்படும் வரை இவ்வூர்கள் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. காரைதீவு போன்ற சில நீங்கலாக, இவற்றிற் பெரும்பாலானவை முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர்கள். அவர்தம் வீட்டுமொழி தமிழ். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திற் கற்கும் மொழியும் தமிழே.

இவ்வூர்களுள் ஒன்றிலே, எட்டு வயதுப் பிள்ளையின் தாயொருத்தியிடம், “பிள்ளை எதுவரை ஓதியிருக்கிறது?” என்று கேட்டால் விடை உடனே வரும். முப்பது பாகங்களைக் கொண்ட குர்ஆனிலே பிள்ளை எத்தனையாம் பாகத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் நாத் தடுமாறுகிறது, எந்தப் பாடத்தை லெப்பை மறுபடியும் ஓதச் சொன்னார் என்பனவெல்லாம் அவளுக்கு அத்துபடி. அதே தாயிடம், “தமிழ் வாசிப்பிலே பிள்ளை எதுவரை வந்திருக்கிறது? கணக்கிலே எதுவரை?” என்று கேட்டுப் பார்த்தால் நிலைமை வேறு. “நன்றாகப் படிக்கிறது” என்பாள். அல்லது சென்ற தவணைப் பரீட்சையிற் பெற்ற புள்ளியைச் சொல்வாள். புள்ளி எழுபது என்று தெரியும். எஞ்சிய முப்பது எங்கே போயிற்று என்பது தெரியாது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தாயின் அக்கறையின்மை அன்று. செய்தி அவளிடம் வந்துசேரும் வழியே காரணம். ஓதப்பள்ளியிலே பிள்ளை உரத்து ஓத வேண்டும். ஒரு பாடம் திருந்திய பின்னரே அடுத்த பாடம் தரப்படும். சிறிய அத்தியாயங்கள் அடங்கிய அம்ம ஜுஸ்உவை முடித்துவிட்டுப் பிள்ளை மேலே செல்வதை வீட்டார் அனைவரும் அறிவர். மாலையில் வீட்டுத் திண்ணையிலிருந்து அதே பாடத்தை ஓதும்போது, அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருக்கும் தாயின் செவி அதில் இருக்கும். குர்ஆனை முழுதும் ஓதி முடித்த நாளிலே இனிப்புப் பண்டம் பகிர்ந்து, ஓதிக்கொடுத்தவருக்குக் கைம்மாறும் செய்வர். ஆக, அப்பிள்ளையின் முன்னேற்றம் காதால் கேட்கக்கூடியது. இன்ன இடம் என்று சுட்டக்கூடியது. எழுத வாசிக்கத் தெரியாத பாட்டியும் அதனை மதிப்பிட வல்லவளாயிருந்தாள். பள்ளிக்கூடத்து முன்னேற்றமோ கொப்பிக்குள்ளும் இடாப்புக்குள்ளும் அடங்கிக் கிடக்கிறது.

(இவ்வூர்களிற் பேச்சு வழக்கிலே ‘பள்ளி’ என்றால் பள்ளிவாசல், பாடசாலையைக் குறிக்கப் ‘பள்ளிக்கூடம்’ என்றே சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியர் முதலிற் படிக்கும் பாடம் இதுவாகும்.)

பள்ளிக்கூடமும் வீடும் ஒன்றையொன்று அறியாதிருந்த நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இக்கரையில் ஆங்கிலக் கல்வியைத் தந்தவை பெரும்பாலும் கிறித்தவ மிசன் பாடசாலைகளே. மதத்துக்கு ஊறு நேருமோ என்றஞ்சிய முஸ்லிம் பெற்றார் தம் மக்களை அங்கு அனுப்பத் தயங்கினர். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கிய கண்டி மு. கா. சித்திலெப்பை அவர்கள் இத்தயக்கத்தோடு நெடுங்காலம் வாதாடினார். தமிழெழுத்தை வாசிக்கத் தெரியாதாரும் அறபெழுத்தை அறிந்திருந்த காலம் அது. தமிழை அறபெழுத்தில் எழுதும் அறபுத்தமிழ் வழக்கம் அப்பொழுது இல்லந்தோறும் இருந்தது. மக்களுக்குத் தெரிந்த எழுத்திலே அவர்களுக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்பதை அவ்விதழ் உணர்ந்து, அறபுத்தமிழுக்கும் இடமளித்தது.

பின்னர் 1942ஆம் ஆண்டிலே, யுத்தகால உணவு உற்பத்தியைக் கவனிக்கும் பொருட்டு உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் அவர். வந்த வேலை நெல்லைப் பெருக்குவது. கண்டதோ, விளைந்த வயல்களுக்கு நடுவே படியாத பிள்ளைகள். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் நட்பு அவருக்குக் கிட்டியதும் அக்காலத்தில்தான். அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. 1945இல் நாடளாவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை அஸீஸ் அவர்கள் நிறுவுவதற்கு இச்சங்கத்தின் அனுபவமே வித்தாயிற்று. அதே ஆண்டில் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளிலே தாய்மொழி போதனா மொழியாயிற்று.

அந்தத் தலைமுறையினர் பெற்றாருக்குச் சொல்ல வேண்டியிருந்த செய்தி ஒன்றே ஒன்று: பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்பது. அச்செய்தி சென்று சேர்ந்துவிட்டது. இலவசப் பாடநூல் 1980இலிருந்து வீட்டுக்கு வருகிறது. கட்டாயக் கல்வி வயது 1998இல் ஐந்து முதல் பதினான்கு என வரையறுக்கப்பட்டு, 2016இற் பதினாறுக்கு உயர்த்தப்பட்டது. இன்று காலை ஏழு மணிக்குக் கல்முனைத் தெருவிலே வெள்ளைச் சீருடைக் கூட்டத்தைப் பார்ப்பவருக்கு, இவ்வூரார் ஒருகாலத்திற் பாடசாலைக்கு அஞ்சினர் என்றால் நம்ப இயலாது. வந்த பிள்ளை என்ன கற்றது என்பதே இன்றுள்ள கேள்வி. அதனைச் சொல்லும் பழக்கம்தான் இன்னும் சரிவர வேரூன்றவில்லை.

பள்ளிக்கூடம் பெற்றாருக்குச் செய்தியே சொல்வதில்லை என்று கூறின் அது பிழை. செய்திக்குக் குறைவில்லை. இல்ல விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, கட்டடத் திறப்பு, சிரமதானம், சீருடைத் துணி, நோன்பு கால விடுமுறை ஆகிய எல்லாவற்றுக்கும் அறிவித்தல் உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலிலே வாசிக்கப்படுவதும் உண்டு. ஒலிபெருக்கியில் ஊர் முழுதும் கேட்பதும் உண்டு. ஒவ்வொரு பாடசாலையிலும் அதிபரைத் தலைவராகக் கொண்ட பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. பிள்ளைகளின் பெற்றார் அதன் உறுப்பினர். கூட்டத்திலே மதிலைப் பற்றிப் பேசுவார்கள், மலசலகூடத்தைப் பற்றிப் பேசுவார்கள். வேண்டியவையே. ஆயினும் மூன்றாந் தரத்திலே எத்தனை பிள்ளைகள் ஒரு பந்தியைத் தடையின்றி வாசிக்கின்றனர் என்று அங்கே யாரும் கேட்பது அரிது.

மேலும் இச்செய்திகள் யாரிடம் போகின்றன என்பதையும் நோக்க வேண்டும். இக்கரையின் குடும்ப அமைப்பு தனித்தன்மை வாய்ந்தது. திருமணத்தின்போது வீடு மகளுக்கே சீதனமாகச் செல்லும்; மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வார். ஆதலின் ஒரு பிள்ளையைச் சூழ்ந்திருப்போர் உம்மா, உம்மாவைப் பெற்றவள், அடுத்த வளவிலே பெரியம்மா, அதற்கடுத்த வளவிலே சாச்சி என்று தாய்வழி உறவினரே. வாப்பா பெரும்போக வேளாண்மைக் காலத்திலே வயல் வாடியில் தங்கியிருப்பார். அல்லது ஆழ்கடலுக்குப் போயிருப்பார். வியாபாரத்துக்காக வெளியூர் சென்றிருப்பார். எழுபதுகளின் பிற்பகுதி தொட்டு வளைகுடா நாடுகளுக்குப் போனோரும் பலர். சில வீடுகளிலே தாயே அங்கு தொழிலுக்குச் சென்றிருக்க, பிள்ளையை வளர்ப்பவள் பாட்டி. இவ்வாறிருக்க, ‘தந்தை அல்லது பாதுகாவலர்’ என்று விலாசமிட்டு அனுப்பும் கடிதமும், ஆடவர் கூடும் ஜும்ஆவிலே வாசிக்கும் அறிவித்தலும் உரிய செவியை எட்டுவது எப்படி? தேர்ச்சி அறிக்கையிலே வாப்பாவின் கையொப்பம் இருக்கும். ஆனால் அன்றாடம் பிள்ளையின் பக்கத்திலிருப்பவள் உம்மா.

பள்ளிக்கூடத்திடம் சொல்லத்தக்க செய்தி இல்லாமலில்லை. 1999ஆம் ஆண்டில் நாடெங்கும் முதலாந் தரத்திலே தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், பிள்ளையின் முன்னேற்றத்தைப் பரீட்சைப் புள்ளியால் மட்டும் அளப்பதை விட்டு, பிள்ளைக்கு எது கைவந்தது, எது கைவரவில்லை என்று பார்க்கச் சொன்னது. முதலாம் இரண்டாந் தரங்கள் ஒரு முதன்மை நிலை. மூன்றாம் நான்காந் தரங்கள் இன்னொன்று. ஐந்தாந் தரம் மூன்றாவது. ஒவ்வொரு நிலையின் முடிவிலும் பிள்ளை அடைந்திருக்க வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் வகுக்கப்பட்டன. பிள்ளை முதலாந் தரத்துக்கு வந்ததும், விளையாட்டாலும் சிறு செயல்களாலும் அதனை இனங்காண வேண்டும் என்ற ஏற்பாடும் செய்யப்பட்டது. ஓதப்பள்ளி முறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வியக்கத்தக்கது. இரண்டும் கேட்பது, ‘பாடம் எதுவரை?’ என்பதையே. வேறுபாடு என்னவெனில், முன்னதன் விடை வீட்டுக்குக் கேட்கிறது; பின்னதன் விடை ஆசிரியரின் பதிவேட்டிலே அடையாளமாக நின்றுவிடுகிறது. அதனைத் தாய்க்குப் புரியும் தமிழில் யாரேனும் பெயர்த்துச் சொல்ல வேண்டும்.

சொல்லாவிடின் நேர்வது என்ன? ஐந்தாந் தரத்திலே புலமைப்பரிசிற் பரீட்சை வருகிறது. அதுவரை வகுப்பின் பின்வாங்கில் அமைதியாக அமர்ந்து, கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதிவந்த பிள்ளை, தானாக ஒரு பந்தியை வாசித்து விளங்கிக்கொள்ள இயலாதது என்பது அப்பொழுதுதான் வீட்டுக்குத் தெரிகிறது. வெட்டுப்புள்ளிக்கு மேற்பட்டோரின் படங்களோடு பாடசாலை வாயிலிலே பதாகை தொங்கும். அதிலே இல்லாத பிள்ளைகளின் பெற்றாருக்கு அப்பதாகை கூறும் செய்தி ஒன்றே: உங்கள் பிள்ளை தேறவில்லை. எழுத்துக்கூட்டுவதில் இரண்டாந் தரத்திலேயே இடறியது என்பதை அன்றே சொல்லியிருந்தால், ஆறு மாதத்திலே திருத்தியிருக்கலாம். மூன்று ஆண்டு கழித்துச் சொல்வது செய்தியாகாது, தீர்ப்பாகும். அத்தீர்ப்பைச் சுமக்கும் பிள்ளைக்கு வயது பத்து.

நாற்பது பிள்ளைகளைக் கொண்ட வகுப்பாசிரியருக்கு இதற்கு நேரம் ஏது என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூடம் விடும் வேளையிலே சிறுவரை அழைத்துச் செல்லத் தாய்மார் வாயிலில் வந்து நிற்கின்றனர். நாளொன்றுக்கு இருவரை மட்டும் உள்ளே அழைத்து, ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால், இருபது பாடசாலை நாளிலே நாற்பது பேரும் ஒரு முறை வந்து போய்விடுவர். அந்த ஐந்து நிமிடத்திலே பேச்சைவிடச் செயல் நன்று. தாயின் முன்னிலையிலே பிள்ளை பாடநூலில் ஒரு பக்கத்தை வாசிக்கட்டும். வாசித்ததன் பொருளைத் தன் சொல்லிற் கூறட்டும். இந்த இரண்டாவது பகுதி இன்றியமையாதது. ஓதுதலிலே உச்சரிப்பு முதலிடம் பெறும். தமிழ் வாசிப்பிலோ பொருள் விளங்காத சரளம் பயன் தராது. பின்னர், பத்தைக் கடந்த கழித்தற் கணக்கு ஒன்றைச் செய்து காட்டட்டும். தாய் படித்தவளாயினும் படியாதவளாயினும், எங்கே தடுமாற்றம் என்பதை அவள் செவியும் கண்ணுமே சொல்லிவிடும்.

இதனைப் பிற தாய்மாரின் முன்னிலையிற் செய்யலாகாது. ஒரே தெருவில், ஒரே குடியில் வாழ்வோர். வாயிலில் விழுந்த சொல் அஸருக்கு முன் ஊர் சுற்றிவிடும். பிள்ளையின் குறை பேச்சுப் பொருளானால், மறுமுறை தாய் உள்ளே வரமாட்டாள்.

வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டிய செய்தியும் உண்டு. கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையிலே, மாலையில் நூல் சுற்றிக் கொடுக்கும் பிள்ளை வீட்டுப்பாடத்தை ஏன் முடிக்கவில்லை என்பதைத் தாய் சொன்னாலன்றி ஆசிரியர் அறியார். ஒரு காது மந்தமென்பதையும், இரவில் இருமல் உறங்க விடவில்லையென்பதையும் அவளே அறிவாள்.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி கடல் கரையேறியபோது, இலங்கையிலேயே மிகுந்த உயிர்ச்சேதம் கண்ட மாவட்டம் அம்பாறை. மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் அதன் முன்வரிசையில் நின்றன. கரையோரப் பாடசாலைகள் பல சிதைந்தன. பிள்ளைகள் வேறிடங்களிலே, தற்காலிகக் கொட்டில்களிலே, முன்பின் அறியாத ஆசிரியரிடம் பாடம் தொடர நேர்ந்தது. இடாப்பும் கொப்பியும் நீரோடு போன இடத்திலே, பிள்ளை எதுவரை கற்றிருந்தது என்பதற்கு வீட்டாரின் நினைவைத் தவிர வேறு பதிவு ஏது? பள்ளிக்கூடம் தாய்க்குச் சொல்லி வைத்ததே அவ்வேளையில் எஞ்சியிருக்கக்கூடிய ஏடு.

2020 மார்ச்சிலே கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைப்பேசி வகுப்பறையாயிற்று. பாடத்தாள்கள் வட்ஸ்அப் வழியே வந்தன. வகுப்புக்கு ஒரு குழு என்ற வழக்கம் அதன் பின்னரும் நிலைத்துவிட்டது. நாளை வெள்ளை நாடா கட்டி வர வேண்டும், இருநூறு ரூபாய் கொண்டுவர வேண்டும் என்பன போன்ற அறிவித்தல்களுக்கு அது மிகப் பொருத்தம். ஒரு பிள்ளையின் வாசிப்பைப் பற்றிய செய்திக்கு நாற்பது வீட்டார் பார்க்கும் இடம் பொருந்தாது. அது தாய்க்குத் தனியே செல்ல வேண்டும். அக்கைப்பேசியினால் வேறொரு நன்மையுண்டு. கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் தந்தை வெள்ளிக்கிழமை பேசும்போது, “எத்தனையாம் பிள்ளை?” என்று கேட்பது வழக்கம். அதற்குப் பதிலாக, இந்தக் கிழமை படித்த பக்கத்தை எடுத்து வாசிக்கச் சொல்லலாம்; வாசித்த பின், அதிலே என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்கலாம். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது.