தரவு அடுக்குமுறையும் முன்கொணர்வும்: செங்கல்பட்டு ஊர்க்கணக்குகளை முன்வைத்து

தாமஸ் பர்னார்டு 1767–1774இல் செங்கல்பட்டுச் சீமையின் ஏறத்தாழ 2000 ஊர்களைக் கணக்கெடுத்தார். அவ்வூர்க்கணக்குகளைத் தரவுத்தளமாக்கி, ஊருக்கு 128 பைட் என நிரைவாரியாக அடுக்குவதாகக் கொள்வோம். மொத்த விளைச்சலைக் கூட்ட, ஒவ்வோர் ஊரின் பதிவிலும் 8 பைட்டே தேவை. இன்றைய செயலிகள் பெரும்பாலும் நினைவகத்திலிருந்து 64 பைட் கொண்ட தொகுதிகளாகவே தரவை எடுக்கின்றன. எனவே தொகுதிதோறும் 56 பைட் வீணாகிறது. நிரல்வாரியாக அடுக்கினால் ஒரே தொகுதியில் எட்டு ஊர்களின் விளைச்சல் கிடைக்கும்.

அடுத்து வேண்டிய தொகுதியை முன்னரே வருவிக்கும் முன்கொணர்வு, செயலியின் காத்திருப்பைக் குறைக்குமேயன்றி வீண்சுமையைக் குறைக்காது. 2000 ஊர்களில் இவ்வேறுபாடு புலப்படாது. பல கோடிப் பதிவுகளில் புலப்படும். மாறாக, ஓர் ஊரின் முழு விவரத்தையும் நாடுவோர்க்கு நிரைவாரி அடுக்கே ஏற்றது. ஆதலின், ஆவணங்களை மின்னாக்கம் செய்வோர் ஆய்வு வினாவை அறிந்த பின்னரே அடுக்குமுறையைத் தெரிவுசெய்தல் வேண்டும்.