வயலுக்குச் செல்லும் வரிப்பணம்

வானத்தையும் சந்தையையும் ஒருசேர நம்பி நடப்பது உழவுத்தொழில். மழை பொய்த்தால் விளைச்சல் குறையும். எங்கும் விளைச்சல் பெருகினால் விலை வீழும். எது நேரினும் இழப்பு உழவருக்கே. அவ்விழப்பில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்வதே வேளாண் மானியத்தின் நோக்கமாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1933ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வேளாண்மைச் சரிசெய்தல் சட்டம் இதற்கு வித்திட்டது. ஆனால், அப்பணம் யார் யாருக்குச் சென்றது என்பதை மக்கள் அறியும் வழி, பல பத்தாண்டுகள் கழித்தே திறந்தது.

வருவாய்க்கு உறுதி

தொடக்கக்கால உதவிகள் பெரும்பாலும் விலையையே கருத்திற்கொண்டன. 2008ஆம் ஆண்டு வேளாண் சட்டம், விலையையும் விளைச்சலையும் இணைத்து, வருவாயை அளவுகோலாகக் கொண்ட திட்டம் ஒன்றைக் கொணர்ந்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மாற்றாக வேளாண் இடர்காப்புத் திட்டத்தை வகுத்தது. முந்தைய ஐந்து ஆண்டு விலைகளில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கி, எஞ்சிய மூன்றின் சராசரி காணப்படும். ‘கவுண்டி’ எனப்படும் நிருவாக வட்டாரத்தின் விளைச்சலுக்கும் இவ்வாறே சராசரி காணப்படும். இரண்டையும் பெருக்கக் கிடைப்பது அடிப்படை வருவாய். அதில் 86 விழுக்காட்டிற்கு அச்சட்டம் உறுதியளித்தது.

எடுத்துக்காட்டாக, 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் அன்றைய விதிப்படி, ஏக்கருக்கு அடிப்படை வருவாய் 500 டாலர் எனில், உறுதித்தொகை 430 டாலராக இருந்தது. அவ்வாண்டு வருவாய் 400 டாலராகக் குறைந்தால், பற்றாக்குறையான 30 டாலர் வழங்கப்பட்டது. வருவாய் 300 டாலராக வீழ்ந்தால் பற்றாக்குறை 130 டாலர். எனினும், அடிப்படை வருவாயில் 10 விழுக்காடான 50 டாலரே அப்போது உச்சவரம்பாக இருந்தது. அதுவும் பதிவுபெற்ற பரப்பில் 85 விழுக்காட்டிற்கே கிடைக்கும்.

இங்கு வட்டாரத்தின் விளைச்சலே கணக்கிடப்படுகிறது. ஆதலால், ஒருவரது வயல்மட்டும் ஆலங்கட்டி மழையில் அழிந்தால் இப்பிரிவில் அவருக்கு உதவி கிட்டாமற் போகலாம். வட்டாரம் முழுதும் விளைச்சல் குன்றியபோது தம் வயல் செழித்தவருக்கோ தொகை கிடைக்கலாம். எனவே, உதவி உரியவரைச் சேர்ந்ததா என்பதை ஆராய, பெற்றவர் பட்டியல் இன்றியமையாததாகிறது.

வெளிவந்த பட்டியல்

அரசின் ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தகவல் சுதந்திரச் சட்டம் 1966ஆம் ஆண்டில் வழங்கியது. இருப்பினும், தனியுரிமையைக் காரணங்காட்டி மானியம் பெற்றோர் பெயர்கள் மறுக்கப்பட்டன. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு, பருத்தி மானியம் பெற்றோர் விவரங்களை வெளியிடுமாறு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர், சுற்றுச்சூழல் பணிக்குழு என்னும் தன்னார்வ அமைப்பு, பெயர்களையும் தொகைகளையும் எவரும் தேடிக் காணுமாறு இணையத்தில் வெளியிட்டது. மானியத்தின் பெரும்பகுதி, எண்ணிக்கையில் குறைந்த பெரும்பண்ணைகளுக்கே செல்வதை மக்கள் கண்டனர்.

இரண்டு உரிமைகள்

உழவரின் தரப்பிலும் நியாயம் உண்டு. சிற்றூரில் ஒரு குடும்பத்தின் வருவாய் அண்டை அயலார்க்குத் தெரிவது எளிதில் தாங்கத்தக்கதன்று. இதனைக் கருதியே, நிலம், சாகுபடி முறை குறித்து உழவர் அளிக்கும் தகவல்களை வெளியிட 2008ஆம் ஆண்டுச் சட்டம் தடைவிதித்தது. ஆயினும், மானியத்தொகையையும் பெற்றவர் பெயரையும் அத்தடையிலிருந்து விலக்கியது.

பயிர்க்காப்பீட்டில் நிலைமை வேறு. கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்ட பங்கை அரசே செலுத்துகிறது. ஒருவருக்கு இவ்வளவுதான் என்னும் வரம்பும் இல்லை. எனினும், பயனடைவோர் பெயர்கள் வெளியிடப்படுவதில்லை. ஒரே உழவர் பெறும் ஓர் உதவி பட்டியலில் இடம்பெற, மற்றோர் உதவி மறைந்தே நிற்கிறது. ஒருவர் தம் நிலத்தை எவ்வாறு உழுகிறார் என்பது அவருக்குரிய செய்தி. பொதுக் கருவூலம் அவருக்கு எவ்வளவு ஈந்தது என்பதோ அக்கருவூலத்தை நிரப்பிய மக்களுக்கும் உரிய கணக்காகும்.