இரட்டைக்குழலா, செமி ஆட்டோமாட்டிக்கா?

வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுள் சிலர் களிமண் தட்டுச் சுடும் விளையாட்டில் ஈடுபாடு கொண்டு, எத்தகைய துப்பாக்கி வாங்குவது நலம் என்று வினவுகின்றனர். பாட்டனார் காலத்து இரட்டைக்குழல் ஊரில் உறங்க, கடையிற் காணும் செமி ஆட்டோமாட்டிக் மனத்தைக் கவர்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, விளையாட்டு வீரர் முதலிய சிலர் நீங்கலாக, ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. ஆதலின், தேர்வில் தவறினால் திருத்திக் கொள்வது எளிதன்று.

வேட்டையைப் பற்றி முதலிற் சொல்லிவிடுவோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக் கொல்ல, 2022 முதல் கேரளத்தில் ஊராட்சித் தலைவர்கள் உத்தரவு வழங்கலாம். அத்தகைய உத்தரவின்றித் துப்பாக்கி உரிமம் மட்டும் வைத்திருப்பவர் காட்டுக்குள் சுட்டால் அது குற்றமே. பறவை வேட்டை சட்டப்படி நடைபெறும் அமெரிக்காவிலேதான் செமி ஆட்டோமாட்டிக் செழித்தது. ஜான் பிரௌனிங் 1900இல் காப்புரிமை பெற்ற துப்பாக்கி ஐந்து தோட்டாக்கள் கொள்ளும். அங்கும் 1935 முதல் வாத்து வேட்டையில் மூன்றுக்கு மேல் கூடாதென்று விதித்துவிட்டனர்!

இனி, நமக்கு எஞ்சியிருக்கும் தட்டுச் சுடுதலுக்கு வருவோம். தட்டு 110 மில்லிமீட்டர் அகலமும் 105 கிராம் எடையும் உள்ளது. டிராப் என்னும் போட்டியில், சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னே உள்ள பள்ளத்திலிருந்து அது எழுந்து, அவரை விட்டு விலகி விரைகிறது. தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டாக்களே. முதற் குண்டு தவறினால், இரண்டாவது சுடும்போது தட்டு வெகுதூரம் போயிருக்கும். இங்கேதான் இரட்டைக்குழலின் அருமை விளங்குகிறது. குழலின் வாய்ப்பகுதியில் உள்ள சிறு குறுக்கத்தைச் 'சோக்' என்பர். அது மிகுந்தால் ரவைகள் நெருங்கிச் செல்லும். குறைந்தால் விரைவில் பரவும். முதற் குழலுக்குக் குறைந்த சோக்கும் இரண்டாவதற்கு மிகுந்த சோக்கும் அமைத்துக் கொள்ளலாம். செமி ஆட்டோமாட்டிக்குக்கு ஒரே குழலாதலால் இந்த வசதி இல்லை. போட்டிக்காரர்கள் குழல்கள் மேலும் கீழுமாக அமைந்த வகையை நாடுவது, கண்ணுக்கு ஒரே கோடு தெரியும் என்பதாலுமாகும். பாட்டனாரின் துப்பாக்கியில் குழல்கள் பக்கம் பக்கமாக இருக்கும்.

செமி ஆட்டோமாட்டிக்குக்கு நியாயம் செய்யாமல் விடலாகாது. வெடிவாயுவின் ஒரு பகுதியைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றும் வகையில், தோளில் விழும் உதை வெகுவாகக் குறைகிறது. மெலிந்த உடலினர்க்கும் இளம்பெண்களுக்கும் இது பெரும் உதவி. ஆனால் வாயுப் பாதையில் கரி படிகிறது. அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். பம்பாய், கல்கத்தா போன்ற ஈரக்காற்று வீசும் நகரங்களில் இந்த வேலை இரட்டிப்பாகும். வெற்றுத் தோட்டாவும் பக்கவாட்டில் தெறித்து அடுத்தவரைத் தாக்கக்கூடும்.

எல்லாவற்றிலும் பெரிது உயிர். இரட்டைக்குழலை மடித்துப் பிடித்தால், தோட்டா இல்லை என்பது பத்தடி தூரத்தில் நிற்பவர்க்கும் தெரியும். மற்றதில் உள்ளே தோட்டா இருக்கிறதா என்பதை வெளியில் நிற்பவர் எளிதில் அறிய முடியாது. தோட்டாக்கூட்டை வெளியே எடுத்தும் அறையில் ஒன்று தங்கிவிடலாம். சர்வதேச விதிகள் இதனை அனுமதிக்கின்றன எனினும், தொடக்கக்காரர்க்கு நாம் இரட்டைக்குழலையே சொல்வோம். நம் நாட்டு ஆயுத விதிகளிலும் செமி ஆட்டோமாட்டிக் பெரும்பாலும் கட்டுப்பாடு மிகுந்த பிரிவில் அடங்குகிறது.

புதுக்கோட்டைப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் போட்டியில் இறங்கியபின், நம்மவர் வீடுகளில் இவ்வார்வம் மிகுந்தால் வியப்பில்லை. பிள்ளைகள் கேட்டால், உடனே வாங்காமல் தில்லி துக்ளகாபாத்திலுள்ள கர்ணி சிங் மைதானம் போன்ற இடத்தில், பயிற்சியாளர் மேற்பார்வையில் சில மாதம் இரு வகையையும் சுட்டுப் பார்க்கச் செய்யுங்கள். ஊரிலுள்ள பழைய துப்பாக்கியைக் கொண்டுவர எண்ணுவோர், உரிமம் எந்த எல்லைக்குச் செல்லும் என்பதை முதலிற் படியுங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் வழங்கப்பட்டதாயின், அதனை ரயிலேற்றுமுன் உரிமம் வழங்கும் அதிகாரியைக் காண வேண்டும்.