நாளைய நகரங்கள் – 9: நள்ளிரவில் குழாய்களைக் கேட்போர்

சென்ற வாரம் சிங்கப்பூர்க் கால்வாய்களில் நீர்மட்டத்தை அளக்கும் சென்சார்களைப் பார்த்தோம். அங்கிருந்து வடக்கே பினாங்குக்கு வருவோம்.

2017 நவம்பர் 4ஆம் தேதி பிடித்த மழை மறுநாள் விடிந்த பின்னும் விடவில்லை. 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆண்டு முழுதும் பெய்ய வேண்டியதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு! ஏழு பேர் உயிரிழந்தனர். நள்ளிரவில் மாநில அரசு இராணுவத்தின் உதவியைக் கேட்க வேண்டி வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், அக்டோபர் 21 அன்று, தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடமொன்றில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் புதைந்து மாண்டிருந்தார்கள்.

பினாங்கில் தண்ணீர் எவ்வளவு அவசரக்காரத் தண்ணீர் என்பது மலையைப் பார்த்தால் புரியும். பினாங்கு மலையின் உயரம் 833 மீட்டர். அதன் அடிவாரத்துக்கும் ஜார்ஜ்டவுன் கடற்கரைக்கும் இடையில் சில கிலோமீட்டர் தூரமே. உச்சியில் பெய்யும் மழை ஆயர் ஈத்தாம் வழியாகச் சுங்கை பினாங்கு ஆற்றுக்கு வந்து சேர அதிக நேரம் பிடிக்காது. அந்த நேரம் பார்த்துக் கடல் ஏற்றத்தில் இருந்தால் ஆற்று நீர் வடிய வழியில்லை, ஜாலான் பி. ரம்லி போன்ற தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள் ஏறிவிடும். அகன்ற சமவெளி ஆறுகளில் வெள்ளம் வருவதை ஒரு நாள் முன்பே சொல்லலாம். இங்கே கையில் இருப்பது கொஞ்ச நேரம். அதனால்தான் இந்த ஊருக்கு விவேக நகரம் என்ற பேச்சு வெறும் அலங்காரம் இல்லை.

நீர்ப்பாசன வடிகால் துறையின் மழைமானிகளும் ஆற்றுமட்ட மானிகளும் மாநிலமெங்கும் நிற்கின்றன. மழைமானியின் உள்ளே ஒரு சிறு வாளி, நிரம்பினால் கவிழும். கவிழும் ஒவ்வொரு முறையும் ஒரு மின்துடிப்பு. அந்தத் துடிப்புகள் தொலைத்தொடர்பு வழியே மையத்துக்குப் போய் எண்ணாகி, எவரும் பார்க்கத்தக்கதாக இணையத்தில் வருகின்றன. ஆற்று மட்டம் சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு படிகளில் காட்டப்படுகிறது. எளிய கருவிதான். ஆனால் அபாயம் என்று திரை சொல்லும் நேரத்தில், கால்வாய் வாயின் கம்பித் தடுப்பில் சோபாவும் பாயும் அடைத்துக் கிடந்தால் அந்த எண்ணால் என்ன பயன்? மழையில் நனைந்தபடி அதை இழுத்துப்போடும் மாநகர் மன்றத் தொழிலாளியும் இந்த இணைப்பில் ஒரு கண்ணி. அவர்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டுக் கருவிகளைக் கூட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

வெள்ளத்தைக் காட்டிலும் என் மனத்தை அதிகம் உறுத்துவது குழாய்த் தண்ணீர். பினாங்கு தன் கச்சா நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுங்கை மூடா ஆற்றிலிருந்து எடுக்கிறது. அந்த ஆறு பிறப்பது அண்டை மாநிலமான கெடாவின் உலு மூடா காட்டில். அதற்காகக் கெடா பல ஆண்டுகளாகப் பணம் கேட்டு வருகிறது. இப்படி ஒற்றை ஆற்றை நம்பியிருக்கும் மாநிலத்தில்தான் தலைக்குத் தண்ணீர்ச் செலவு மலேசியாவிலேயே அதிகம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 280 லிட்டர் என்ற அளவில் போகிறது. 2024 ஜனவரி 10 முதல் சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் 1.2 மீட்டர் குறுக்களவுள்ள இரண்டு வால்வுகளை மாற்ற வேண்டியிருந்தது. அந்த ஒரு வேலைக்காகச் சில நாள்களுக்கு ஏறத்தாழ 590,000 பயனீட்டாளர்கள் வாளிகளோடு காத்திருந்தார்கள்.

இத்தனை அரிய நீர், சுத்திகரித்த பிறகும், மீட்டரை எட்டாமலே போகிறது. கசிவு, திருட்டு, பழுதான மீட்டர் எல்லாம் சேர்ந்து நாட்டளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு. பினாங்கின் நிலை அதைவிடப் பரவாயில்லை என்றாலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இங்கும் போகிறது.

இந்த இழப்பைப் பிடிக்கும் வேலை நள்ளிரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் நடப்பது. நகரைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நுழைவாயிலிலும் ஓர் ஓட்டமானி வைப்பார்கள். ஊரே தூங்கும் வேளையில் குழாயில் நீர் குறையாமல் ஓடினால், எங்கோ ஒழுகுகிறது. அடுத்து, வால்வுகளில் காந்தத்தால் ஒட்டிய ஒலிப்பதிவுக் கருவிகள், மருத்துவர் நெஞ்சில் வைக்கும் குழலைப் போல, குழாயின் சத்தத்தைக் கேட்கும். ஓட்டையில் பீறிடும் நீர் ஒருவித இரைச்சல் எழுப்பும். அது இரண்டு கருவிகளை எட்டும் நேர வேறுபாட்டைக் கொண்டு, தோண்ட வேண்டிய இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். பாரம்பரிய வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் ஜார்ஜ்டவுன், 2008 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரம். அதன் ஒடுங்கிய தெருக்களைக் குத்துமதிப்பாகத் தோண்டிப் பார்க்க முடியாது. கடைத்தெருவில் ஒரு குழியைத் தோண்டினாலே அன்றைய வியாபாரம் போய்விடும்.

இக்கருவிகளின் இதயமான சில்லுகளுக்குப் பினாங்கு அந்நியமும் இல்லை. 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் திறந்தது பாயான் லெப்பாசில்தான். உலகுக்கு அனுப்பும் அந்தத் திறமை சொந்த ஊரின் கசிவை அடைக்கவும் திரும்ப வேண்டும்.

ஆனால் 'விவேகம்' என்ற சொல்லின்கீழ் இங்கே முதலில் பெரிதாகப் பேசப்பட்டது வேறொன்று. 2019 தொடக்கத்தில், மலேசியாவில் முதன்முறையாக என்று சொல்லி, முகம் அறியும் கண்காணிப்புக் கேமராக்களைப் பினாங்கு அறிமுகம் செய்தது. குற்றத்தடுப்புக்கு அவை உதவலாம். அந்த விவாதம் தனி. நீடித்த நகரம் என்ற தலைப்பில் மட்டும் அவற்றைச் சேர்க்காதீர்கள். நீர்மானி யார் பெயரையும் கேட்பதில்லை.

ஐ.நா. வாழிட அமைப்பும் 'திங்க் சிட்டி' அமைப்பும் மாநில அரசும் ஒரு கோடி அமெரிக்க டாலர் நிதியில் மரங்களையும் மழைநீர் தேங்கும் பசுந்தரைகளையும் பெருக்கும் திட்டத்தைக் கையிலெடுத்துள்ளன. வெள்ளத்துக்கும் வெப்பத்துக்கும் அது நல்ல மருந்து. அதனோடு ஒன்று கேட்பேன். ஆற்று மட்டத்தைத் திறந்து காட்டுவது போலவே, எந்த வட்டாரத்தில் இரவில் எவ்வளவு நீர் ஒழுகுகிறது என்ற கணக்கையும் மாதந்தோறும் வெளியிடுங்கள். தண்ணீர்க் கட்டண உயர்வைப் பற்றிப் பேச மக்களை அழைக்கும்போது, அந்தக் கணக்கைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் அச்சிட்டு முன்வையுங்கள்.

(அடுத்த வாரம்: பேருந்து எங்கே வருகிறது?)