பால்மரம் சீவிய கைகளும் மெயின் சுவிட்சும்

ரப்பர் மரத்தில் உளி ஓட்டுவதற்குத் தனித் திறமை வேண்டும். பட்டையைச் சீவிக்கொண்டு போகும் உளி, மரத்தின் வளர்திசுவுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். கூடினால் மரம் காயப்பட்டு, பட்டை முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிடும். பிறகு அந்த இடத்தில் உளி ஓடாது. விடிவதற்கு முன், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், நாளுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் இதைச் செய்தவர்கள் பேராக் தோட்டத்துப் பெண்கள்.

அவர்களில் பலர் இன்று ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கத்துக் குடியிருப்புத் தாமான்களில் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ. மாலையில் ஓர் இடி இடிக்கிறது, வீடு இருண்டுவிடுகிறது. பக்கத்து வீட்டில் டிவி ஓடுகிறது. இங்கே மட்டும் மெயின் பாக்ஸில் ஒரு சுவிட்ச் விழுந்து கிடக்கிறது. அதை மேலே தள்ள வேண்டும், அவ்வளவுதான். கை போகமாட்டேன் என்கிறது. இரவெல்லாம் மெழுகுவத்தி, காலையில் ஐஸ் பெட்டியில் மீன் கெட்டிருக்கும், பிறகு மகனுக்குப் போன்.

படிப்பில்லாததால் வரும் பயம் என்று இதைத் தள்ளிவிடுகிறோம். அது சரியில்லை. ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை வேலைக்கு வேலை தனித்தனியாக வளர்வது என்று 1977இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா விளக்கினார். அதை வளர்ப்பதில் பாராட்டையும் புத்திமதியையும் விட வலிமையானது, தானே செய்து முடித்த அனுபவம். உளியில் கிடைத்த நம்பிக்கை சுவிட்சுக்குத் தானாக வந்து சேராது. சுவிட்சில் செய்து பார்க்கும் வாய்ப்பு இவர்களுக்கு எப்போது கிடைத்தது?

தோட்டத்தில் கிடைக்கவில்லை. லயத்து வீடு நிர்வாகத்தின் சொத்து. கூரை ஒழுகினால் தோட்ட எழுத்தரான கிராணியிடம் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றால் மருத்துவ உதவியாளரான டிரசர். வேலைத்தலத்தில் தகராறு என்றால் மேற்பார்வையாளரான தண்டல். பல தோட்டங்களில் ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம்தான் மின்சாரம். அதை ஓட்டுவதும் நிறுத்துவதும் வேறொருவர். தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த 1966ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் கடமையை முதலாளிமீது சுமத்தியது. மிக நியாயமான சட்டம் அது. ஆனால் நிர்வாகம் அசையாத இடங்களில், சொல்லிவிட்டுக் காத்திருப்பதைத் தவிர தொழிலாளியிடம் வேறு வழியில்லை. வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் உரக்கக் கேட்கவும் முடியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பெயர்க்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்த நிலையைப் பார்த்துத்தான்.

காத்திருப்பு மனிதரை என்ன செய்யும்? 1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களிடம் நடத்திய சோதனையை இன்று படித்தால் மனம் கஷ்டப்படும். சில நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தி மின்னதிர்ச்சியை நிறுத்தலாம். மற்றவை என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லாவற்றையும், தாழ்ந்த தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டார்கள். முதல் வகை தாண்டியது. இரண்டாவது வகையில் பெரும்பாலானவை படுத்தபடியே தாங்கிக்கொண்டன. வாரைப் பிடித்துத் தடுப்பின்மேல் திரும்பத் திரும்ப இழுத்துச் சென்ற பிறகே அவை தாமாகத் தாண்டின.

அந்த நாய்கள் இயலாமையைக் கற்றுக்கொண்டன என்றுதான் உலகம் பல ஆண்டுகள் நம்பியது. 2016இல் அதே இருவரும், தாங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்ததாக எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் செயலற்றுப்போவது மூளைத்தண்டின் இயல்பான எதிர்வினை; அதை யாரும் கற்கத் தேவையில்லை. ‘இது என் கட்டுப்பாட்டில் இருக்கிறது’ என்பதைத்தான் கற்க வேண்டும். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி அதைக் கற்றதும், அந்த எதிர்வினையை அடக்குகிறது. இருட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு எந்தக் குறையும் இல்லை, பாடம்தான் நடக்கவில்லை என்று இதை நான் படிக்கிறேன்.

பாடத்தை அந்தச் சுவிட்சிலேயே தொடங்கலாம். வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. எங்காவது கசிந்து வித்தியாசம் வந்தால், பிளக்குகளுக்கான சுவிட்சில் வழக்கமாக 30 மில்லி ஆம்பியர், கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். விழுந்த சுவிட்ச் காவல் வேலையைச் செய்திருக்கிறது என்று பொருள்.

டார்ச், உலர்ந்த கை, காலில் செருப்பு. பாக்ஸிலுள்ள சின்னச் சுவிட்சுகளை எல்லாம் இறக்கிவிட்டு, விழுந்து கிடக்கும் அந்தப் பெரிய சுவிட்சை மேலே தள்ள வேண்டும். அது நின்றால் சின்னவற்றை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். எதை ஏற்றும்போது பெரியது விழுகிறதோ அந்த வரிசையில்தான் கோளாறு. நனைந்த பிளக்காக இருக்கலாம், பழைய கெட்டிலாக இருக்கலாம். அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்றவற்றைப் போட்டுக்கொள்ளலாம். பெரியது தனியாகவே நிற்காவிட்டாலும், கருகல் வாடையோ சூடோ ஈரமோ இருந்தாலும் தொடாமல் பதிவுபெற்ற வயர்மேனை அழைக்க வேண்டும். பாக்ஸின் மூடியைக் கழற்றவே கூடாது. தெருவே இருண்டிருந்தால் தெனாகா நேஷனலுக்கு 15454.

முதல் பயிற்சிக்கு இடி மழை ஏற்ற நேரம் இல்லை. அச்சத்தைப் படிப்படியாகச் சந்திக்கும் முறையைத் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப் 1958இல் நூலாக எழுதினார். வெயில் அடிக்கும் காலையில் பாக்ஸின் முன் நிற்பது முதல் படி. பெரிய சுவிட்சில் ‘டி’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் சுவிட்ச் விழ வேண்டும். விழாவிட்டால் அது பழுது, வயர்மேன் மாற்ற வேண்டும். விழுந்ததை மேலே தள்ளுவது அடுத்த படி. கை வைப்பதற்கு முன் “என்னம்மா நடக்கும்னு நினைக்கிறீங்க?” என்று கேளுங்கள். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் மூளை நன்றாகக் கற்கும் என்கிறார் கலிஃபோர்னிய உளவியலாளர் மிஷெல் கிராஸ்க். பழைய பயம் அழிவதில்லை. அதோடு போட்டியிடும் புது நினைவு உருவாகிறது. அதனால் பகல், இரவு, மழை நாள் எனச் சூழலை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். காஸ் ரெகுலேட்டர் மாட்டவும், மீட்டர் பக்கத்துத் தண்ணீர் வால்வை மூடவும் இதே வழிதான்.

பயத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய்திறக்காததற்கு இங்கே ஒரு பழைய காரணம் உண்டு. ஈப்போவுக்குப் பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை 1911 முதல் இயங்குகிறது, ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. நெஞ்சு படபடப்பும் தூக்கமின்மையும் நாள்தோறும் தொல்லை கொடுத்தால் அரசாங்க கிளினிக்கில் சொல்லலாம், சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் பேசலாம். அதில் அவமானம் எதுவும் இல்லை.

“நீங்க தொடாதீங்கம்மா, நான் வந்து பார்த்துக்கிறேன்” என்று அன்போடு சொல்லும் மகன்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சொல் பயத்துக்குத்தான் தீனி போடுகிறது. அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது பாக்ஸின் முன் அம்மாவை நிற்கவைத்து, நீங்கள் பின்னால் நில்லுங்கள். அதற்கடுத்த முறை கூடத்தில் உட்கார்ந்திருங்கள். பிறகு ஒரு மழை இரவில் போன் வந்தால், முதலில் “என்ன செஞ்சு பார்த்தீங்கம்மா?” என்று கேளுங்கள்.