‘யாராவது வந்தா போடலாம்’ என்று எடுத்து வைத்த டீத்தூள்... முதலில் எதைக் குடிப்பது, எதை வறுப்பது?

உங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டை ஒருமுறை எட்டிப் பாருங்கள். தீபாவளிக்கு ஆபீஸில் கொடுத்த கிஃப்ட் பாக்ஸ், ஊட்டி டூர் போனபோது வாங்கிய பாக்கெட், கொழும்பிலிருந்து வந்தவர்கள் கொடுத்த தகர டப்பா, ‘நாளையிலிருந்து டயட்’ என்று வாங்கிய கிரீன் டீ... இவற்றில் எத்தனை இன்னும் பிரிக்கப்படவில்லை? தினமும் கொதிப்பது என்னவோ தெருமுனைக் கடையில் வாங்கிய டஸ்ட் டீதான். நல்ல டீ எல்லாம் விருந்தாளிக்கு. அந்த விருந்தாளியோ வந்ததும், “எனக்கு காபி போதும்” என்பார்.

எங்கள் வீட்டு மேல்தட்டில் எண்ணிப் பார்த்ததில் 19 வகை தேறின. நீலகிரி, டார்ஜிலிங், அசாம், நுவரெலியா, சீனாவிலிருந்து ஒரு மல்லிகை டீ, ஒரு ஊலாங், வட்டு வடிவத்தில் இறுக்கிய ஒரு பூ-ஏர். இவை போக கிரீன் டீ பைகள் மட்டும் ஐந்து பெட்டி. ‘இவை முடியும் வரை புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. தினமும் மாலை ஒன்றைப் பிரித்துக் குடிக்க வேண்டும். பிடித்ததா, இல்லையா என்று நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும்.’ அம்மாவும் நானும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் இது. ஏழு வாரங்கள் ஓடிவிட்டன.

வெண்ணெயும் நெய்யும்

டீத்தூள் கெட்டுப்போகுமா? பால்போலத் திரிந்து போகாது. ஈரம் படாமல் இருந்தால் பூஞ்சையும் வராது. ஆனால், வாசனை போய்விடும். காற்று, வெளிச்சம், ஈரம், சூடு, பக்கத்தில் இருக்கும் பொருளின் மணம்... இந்த ஐந்தும்தான் தேயிலைக்கு எதிரி. உலர்ந்த தேயிலை, அருகில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். எங்கள் கிரீன் டீ பெட்டிகளில் ஒன்று சாம்பார் பொடி டப்பாவை ஒட்டி இருந்திருக்கிறது. வெந்நீர் ஊற்றியதும் ரசமா, டீயா என்று பட்டிமன்றமே வைக்கலாம்போல் இருந்தது.

எதை முதலில் குடிப்பது என்பதுதான் இதில் முக்கியமான கேள்வி. நம் வழக்கம், இருப்பதிலேயே விலை அதிகமானதைக் கடைசிக்கு வைப்பது. தேயிலையைப் பொறுத்தவரை பெரும்பாலும் அது தலைகீழ்க் கணக்கு. எல்லா டீயும் ஒரே செடியின் இலைதான். பறித்தவுடன் சூடு காட்டி, இலை கறுக்காமல் தடுத்தால் கிரீன் டீ. உருட்டிக் காற்றில் விட்டு, முழுக்கப் பழுப்பாக விட்டால் பிளாக் டீ. இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினால் ஊலாங். வெண்ணெயையும் நெய்யையும் நினைத்துக்கொள்ளுங்கள். கிரீன் டீ வெண்ணெய் மாதிரி, சீக்கிரம் வாசனை மாறும். பிரித்த பிறகு ஆறு மாதத்துக்குள் குடித்துவிடுவது நல்லது. பிளாக் டீ நெய் மாதிரி, மூடி இறுக்கமாக இருந்தால் இரண்டு வருடங்கள்கூடத் தாக்குப்பிடிக்கும். டார்ஜிலிங்கில் மார்ச், ஏப்ரலில் எடுக்கும் முதல் கொழுந்து டீ, பெயரளவில் பிளாக் டீ என்றாலும் குணத்தில் கிரீன் டீக்குப் பக்கம். எங்கள் தட்டில் விலை கூடியது அதுதான். அதனால் முதல் வாரமே அதைப் பிரித்துவிட்டோம். “பூ வாசம் வருதே, இதைப்போய் யாருக்கு வெச்சிருந்தேன்!” என்றார் அம்மா.

பாக்கெட் தேறுமா, தேறாதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு சிட்டிகை இலையை உள்ளங்கையில் வைத்து, கையை மூடி, உள்ளே வாயால் வெப்பமாக ஊதுங்கள். உடனே முகர்ந்து பாருங்கள். உயிர் இருந்தால் மணம் எழும்பி வரும். அட்டைப்பெட்டி வாசனை வந்தால் வயதாகிவிட்டது என்று அர்த்தம். இலையை நசுக்கினால் மொறுமொறுவென உடைய வேண்டும். வளைந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. பூஞ்சை வாடை வந்தாலோ, பூச்சி தென்பட்டாலோ யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். எங்களிடம் அப்படிப் போனவை இரண்டு.

டீ போடுவதற்கும் ஐ.எஸ்.ஓ!

ஒப்பிட்டுச் சுவைக்க வேண்டும் என்றால் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு சர்வதேசத் தரமே இருக்கிறது. அதன் பெயர் ஐ.எஸ்.ஓ 3103. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, கொதிக்கும் தண்ணீர், 6 நிமிடம். இதற்கு முன்னோடியான பிரிட்டிஷ் தரக்குறிப்புக்கு 1999-ல் இக் நோபல் என்ற கிண்டல் பரிசுகூடக் கொடுத்தார்கள். ஆறு நிமிடம் ஊறினால் இலையின் நல்லது கெட்டது எல்லாம் வெளியே வந்துவிடும். சோதனைக்கு அது சரி. நாம் ரசித்துக் குடிக்க இரண்டிலிருந்து நான்கு நிமிடமே போதும்.

கிரீன் டீயைக் கசப்பு மருந்துபோலக் குடிக்கும் பலர், கொதிக்கக் கொதிக்க தண்ணீரை ஊற்றுகிறார்கள். அதற்கு 70-லிருந்து 80 டிகிரி சூடு போதும். தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம், நம் வீட்டு டபரா டம்ளரே போதும். கொதித்த தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து ஆறிய இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றினால் ஒவ்வொரு முறையும் சுமார் 10 டிகிரி குறையும். இரண்டு ஆற்று ஆற்றிவிட்டு இலையில் ஊற்றுங்கள். காபிக்கு ஆற்றிப் பழகிய கைக்கு இது ஒரு வேலையே இல்லை. அம்மா இந்த விஷயத்தில் என்னைவிட எக்ஸ்பர்ட்.

சுவைப்பதிலும் அவர்தான் முந்தினார். நான் நோட்டில் ‘நறுமணம்’, ‘மென்மை’ என்று எழுதிக்கொண்டிருக்க, அவர் “ஈர வைக்கோல்”, “வெந்த சோளம்”, “கொய்யா இலை” என்று பட்டுப் பட்டென்று சொன்னார். அசாம் டீக்கு அவர் சொன்னது, “ராகி மால்ட் வாசனை.” தொழில்முறைச் சுவைஞர்களும் அசாம் டீயை ‘மால்ட்’ என்றுதான் வர்ணிக்கிறார்கள். ரசப்பொடியில் எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று முகர்ந்தே சொல்லும் மூக்கு, முப்பது வருடங்களாக டஸ்ட் டீயின் கடைசி டிக்காஷனையே குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பறித்த கைக்குக் கிடைக்காத டீ

எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. பிறந்தது இலங்கை மலையகத்தில். 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட பல்லாயிரம் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழக அரசு நீலகிரியில் 1968-ல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான், பிறகு ‘டான்டீ’ ஆனது. பாட்டி கொழுந்து எடுத்தது பந்தலூர் பக்கம். இப்போது மகனோடு சென்னையில்.

எங்கள் நுவரெலியா டப்பாவைப் பிரித்த அன்று அம்மா அவரை மேலே அழைத்தார். இலையை விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தவர், “கொழுந்து நல்ல கொழுந்துதான் புள்ள. என்னைய மாதிரி வயசாகிப்போச்சு” என்று சிரித்தார். லயத்தில் நீங்கள் என்ன டீ குடிப்பீர்கள் என்று கேட்டேன். தூளைக் கொதிக்க வைத்த சாயத் தண்ணி, கடித்துக்கொள்ள ஒரு துண்டு வெல்லம், அவ்வளவுதான் என்றார். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துப் பார்த்துப் பறித்துக் கொடுத்த முதல்தரத் தேயிலை எங்கே போகும், எப்படி ருசிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது.

ஒரு கிலோ டீத்தூள் தயாரிக்க நான்கு கிலோவுக்கும் மேல் பச்சைக் கொழுந்து தேவை. பிரிக்கப்படாமல் வாசனை போய்க்கொண்டிருக்கும் 100 கிராம் பாக்கெட் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் குனிந்து நிமிர்ந்து பறித்த கிட்டத்தட்ட அரை கிலோ இலை இருக்கிறது. சரிவில், மழையில், அட்டைக்கடியில் பறித்த இலை. பாட்டி போன பிறகு இந்தக் கணக்கைத்தான் அம்மா இரண்டு முறை போட்டுப் பார்த்தார்.

அன்று பாட்டிக்காகவே நீலகிரி குளிர்காலத் தேயிலையைப் பிரித்தோம். டிசம்பர், ஜனவரியில் மலையில் உறைபனி கொட்டும். செடி மெதுவாக வளரும். அந்தச் சமயத்தில் எடுக்கும் கொழுந்துக்கு மணம் கூடுதல். பால் சேர்க்காமல், சர்க்கரை போடாமல், கண்ணாடி டம்ளரில் ஆரஞ்சு நிறத்தில் ஊற்றிக் கொடுத்தார் அம்மா. பாட்டி இரண்டு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. “வாசமா இருக்கு” என்றார். பிறகு டம்ளரை நீட்டி, “இப்ப பால் ஊத்திக் குடு” என்றார்!

ஊற்றிக் கொடுத்தோம். நல்ல டீயில் பால் ஊற்றினால் பாவம் என்று இணையத்தில் சத்தியம் செய்பவர்கள் பாட்டியிடம் வந்து பேசிக்கொள்ளட்டும்.

பழைய கிரீன் டீக்குப் புது வாழ்வு

வயதான டீயைக் குப்பையில் போடும் முன் ஜப்பானியர்கள் செய்வதைச் செய்து பார்க்கலாம். கியோட்டோவில் 1920-களில் வந்தது ‘ஹோஜிச்சா’. கிரீன் டீயை வறுத்துச் செய்வது. இரும்பு வாணலியைச் சூடாக்கி, அடுப்பை சிம்மில் வைத்து, எண்ணெய் இல்லாமல் பழைய கிரீன் டீ இலையைப் போட்டுக் கைவிடாமல் கிளறுங்கள். நான்கைந்து நிமிடத்தில் பச்சை, பழுப்பாகும். வறுத்த கடலையும் காபிக்கொட்டையும் சேர்ந்தது மாதிரி ஒரு வாசனை வீட்டை நிறைக்கும். உடனே தட்டில் கொட்டி ஆறவிடுங்கள், வாணலியிலேயே விட்டால் கரிந்துவிடும். டீ பையைக் கிழித்துக் கொட்டிய தூள் என்றால் ஒன்றிரண்டு நிமிடமே அதிகம், பக்கத்திலேயே நில்லுங்கள். இதற்குக் கொதிக்கும் தண்ணீரையே ஊற்றலாம், கசக்காது. எங்கள் டயட் கால கிரீன் டீயில் மூன்று பெட்டி இப்படித்தான் காலியானது. கிரீன் டீ என்றாலே முகம் சுளிக்கும் அப்பாவும் இரண்டாவது கப் கேட்டார்.

வாசனை மங்கிய பிளாக் டீக்கு வேறு வழி. இரவில் ஒரு லிட்டர் குடிநீரில் 8-லிருந்து 10 கிராம் இலை போட்டு மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் வடிகட்டினால், கசப்பில்லாத ஐஸ் டீ தயார். எலுமிச்சை பிழிந்து நன்னாரி சர்பத் கொஞ்சம் கலந்தால் சென்னை வெயிலுக்கு அமிர்தம். இன்னொன்று, கலப்படம்! கம்பெனிகளும் பல தோட்டத்துத் தேயிலைகளைக் கலந்துதான் ஒரே சுவையைக் கொண்டுவருகின்றன. அம்மா தன் டஸ்ட் டீயோடு பழைய அசாம் இலையைப் பாதிக்குப் பாதி கலந்தார். டஸ்ட் டீ நிறம் கொடுத்தது, அசாம் மணம் கொடுத்தது. இப்போது வீட்டில் காலை டீ அதுதான். மல்லிகை டீயை மட்டும் பால் டீயோடு கலக்காதீர்கள். பூக்கடையில் பால் பொங்கியது மாதிரி இருக்கும்.

மல்லிகை டீயைச் சொன்னதும் ஒரு சுவாரஸ்யம். சீனர்கள் அதற்குப் பயன்படுத்தும் பூவும் நம் மதுரை குண்டுமல்லியும் ஒரே இனம். மாலையில் மொட்டுகளைத் தேயிலையோடு கலந்து வைத்து, இரவில் அவை மலரும்போது வரும் மணத்தை இலைக்கு ஏற்றுகிறார்கள். காலையில் பூவைப் பிரித்துவிட்டு, இலையை மறுபடி உலர்த்துகிறார்கள். மாடியில் மல்லிச்செடி இருந்தால் நீங்களும் ஒரு கைப்பிடி முயற்சி செய்யலாம். கடைப்பூ வேண்டாம், பூச்சிமருந்து அடித்திருப்பார்கள்.

கிஃப்ட் பாக்ஸில் வந்த கெமோமில், செம்பருத்தி வகையறா தேயிலையே அல்ல, உலர்ந்த பூக்கள். அவற்றை வேகமாக முடித்துவிட்டோம், சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கவனம் மட்டும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு டீ குடிக்க வேண்டாம், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதை அது குறைக்கும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

வடிகட்டிய சக்கை எங்கள் வீட்டில் ரோஜாச் செடிக்குப் போகிறது. பாலும் சர்க்கரையும் சேர்த்ததாக இருந்தால் அலசிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் எறும்புக்கு விருந்து. பளபளக்கும் வலைப்பையில் வரும் டீ பைகளில் பல பிளாஸ்டிக்கால் ஆனவை. அவை மக்காது, கிழித்து இலையை மட்டும் போடுங்கள்.

தட்டில் இப்போது நான்கு மிச்சம். அதில் பூ-ஏருக்கு மட்டும் அவசரமே இல்லை. சீனாவின் யுனான் மாகாணத்தில் செய்யப்படும் அது, சரியாக வைத்தால் வருடக்கணக்கில் மெருகேறும் என்று சேமித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். மற்ற மூன்றும் கீழ்த்தட்டுக்கு இறங்கிவிட்டன. பிரித்த தேதியை மார்க்கரில் டப்பா மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறார் அம்மா. நீலகிரி டப்பாவில் இன்னும் நாலு ஸ்பூன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பாட்டி வருகிறார், பால் இப்போதே சொல்லியாகிவிட்டது.